அம்பலவாணர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே

கைகால் வலி பார்க்கும் தொழிலில் ஒரு வசதி: நாம் எவ்வளவு திட்டினாலும் வந்தவர் எழுந்து ஓட முடியாது.

அரசாங்க மருத்துவமனையில் பிசியோவாக முப்பது வருஷம் இருந்தேன். பென்ஷனுக்குப் பிறகு, சிங்கப்பூருக்கு அக்கரையில், உலு திராமில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். இரண்டு கட்டில், ஒத்தடப் பைகள், முன்மேசையில் சரோஜா. கிளினிக் அவ்வளவுதான். முட்டியைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிற உங்களுக்காகச் சிலதை எழுதுகிறேன். என் வலது தோளும் இதில் வரும். கடையையே மூட வைக்கப் பார்த்த தோள் அது.

பின்பாக்கெட்

சேகர் தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வேலை செய்கிறவன். வலது பிட்டத்தில் தொடங்கி முழங்கால் வரை இழுக்கிறது என்றான். மலாய்க்காரப் பெரியவர் ஒருவரிடம் உருவியாயிற்று, சீனர் கடை எண்ணெயும் இரண்டு போத்தல் தீர்ந்தாயிற்று. காலைத் தூக்கிப் பார்த்தேன், முதுகைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தான்.

பின்பாக்கெட்டில் என்ன என்றேன். எடுத்தான். பாஸ்போர்ட், பெர்மிட், இரண்டு நாட்டுப் பணம், எல்லாம் திணித்த பர்ஸ். அரைச் செங்கல். அதன்மேல் உட்கார்ந்து காஸ்வே பாலத்து நெரிசலில் காலையில் ஒன்றரை மணி நேரம், திரும்பும்போது ஒன்றரை. நரம்பு என்ன செய்யும், பாவம்? "வலது பாக்கெட்டில் வைக்காதே, போ" என்று அனுப்பினேன். இரண்டு வாரத்தில் வந்து நின்றான். வலது கால் சுகம். இப்போது இடது கால் இழுக்கிறதாம். நான் முறைத்தேன். அவனுக்குத்தான் கோபம் வந்தது: "அங்கிள், நீங்க வலது பாக்கெட்டுல வைக்காதன்னுதான சொன்னீங்க!"

நாளைய பயிற்சி

அம்பலவாணர் சிலோன்காரக் குடும்பம். அஞ்சலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இடது தோள் இறுகிவிட்டது. சட்டை போட முடியாது, முதுகு சொறிய முடியாது. இந்த நோய்க்கு மருந்து பாதி, சுவர் பாதி. சுவர்ப் பக்கம் நின்று, விரல்களை நண்டு மாதிரி மேலே மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பேரெழுதி வைப்பேன். மறுவாரம் கோடு ஏற வேண்டும்.

வீட்டில் செய்ததைக் குறிக்க ஓர் அட்டையும் கொடுத்தேன். அழகாக, ஒரே மையில், காலை மாலை இரண்டு கட்டமும் நிரப்பிக் கொண்டுவந்தார். சுவரில் கோடு மட்டும் ஒரு நூல்கூட ஏறவில்லை. பிறகு சரோஜா கண்முன்னாலேயே செய்ய வைத்தோம். எட்டு மாதத்தில் இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார். அவருடைய கடைசிக் கோடு இன்னமும் சுவரில் எல்லாருக்கும் மேலே நிற்கிறது. ஆனால் முதல் வாரம் அந்த அட்டையை நீட்டி, இது நாளைக்கான கட்டம், இதிலும் சரி போட்டிருக்கிறீர்களே என்று கேட்டபோது மனுஷர் கண் சிமிட்டவில்லை: "நாளைக்கும் செய்வன்தானே!"

பிடித்துவிடாத கை

கெலாங் பாத்தாவிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் மனைவியோடு வந்தார். காலையிலிருந்து இடது கை வலி, நன்றாக அழுத்தி உருவிவிட வேண்டும் என்றார். கையை மடக்கினேன், சுற்றினேன், அமுக்கினேன். எதற்கும் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஏர்கான் குளிரில் உட்கார்ந்தும் நெற்றி வேர்த்திருந்தது. தாடையும் ஒரு மாதிரி இருக்கிறது என்றார். "சரோஜா, ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றேன்.

நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கையை அசைத்தாலும் வைத்தாலும் ஒரே வலி, கூட வேர்வை என்றால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள். அது கையின் வலி இல்லை, நெஞ்சின் வலி. இவர் கேட்கவில்லை. மோட்டாரிலேயே வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தார். கால் மடங்கியது. கனத்த உடம்பு. வலது கையால் தாங்கிப் பிடித்தேன். என் தோளில் சுருக்கென்றது. அப்போது அதைப் பார்க்க நேரமில்லை.

ஆள் பிழைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். அந்தம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "புடிச்சிவிடச் சொன்னா ஆம்புலன்ஸக் கூப்புடுறாரேன்னு அன்னிக்கு மனசுக்குள்ள உங்கள கண்டபடி திட்டிட்டேன் அங்கிள், இப்ப அத எப்படித் திருப்பி எடுக்கிறதுன்னு தெரியல."

வகிடு

சுருக்கென்ற தோள் மெல்ல இறுகியது. எனக்குத் தெரியாதா அது என்னவென்று? தெரியும். ஆனாலும் ஓய்வு கொடுத்தால் போய்விடும் என்று விட்டேன். வருகிறவர்களிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நானே கடித்திருப்பேன். மேல் தட்டிலிருந்த துண்டுகளைக் கீழே இறக்கி வைத்தேன். நாட்காட்டியை இரண்டு முழம் தாழ்த்தி மாட்டினேன். நோயாளியின் காலைத் தூக்கிப் பிடிக்கவும் முடியாத நாள் வந்தது. காலைத் தூக்க முடியாத பிசியோ எதற்கு? வருஷக் கடைசியில் கடையைச் சாத்திவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு காலை சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெப்ராவ் தொழிற்சாலையில் பல வருஷம் சரக்குச் சோதித்தவள். ஒரு திருகாணி மாறியிருந்தாலும் கண்டுபிடிப்பாள். என்ன என்று அதட்டினேன். அவள் எழுந்து சுவரில் பென்சில் கோடுகள் இருக்கும் இடத்தைக் காட்டினாள்: "இத்தன வருசமா இடது பக்கம் இருந்த வகிடு இப்ப வலது பக்கம் இருக்கு, இடது கையாலதான தல சீவுறீங்க, வாங்கலா சார், வந்து ஏறுங்க."

சுவர்

ஏறினேன். முதல் கோடு என் மூக்குக்கு நேரே. வெட்கக்கேடு. தோள் இறுகினால் சர்க்கரையையும் பார் என்று எல்லாருக்கும் சொல்வேன். என்னுடையதைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பார்த்தேன். கூடித்தான் இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். சரோஜா எனக்கும் ஓர் அட்டை போட்டுக் கொடுத்தாள். காலைத் தேநீருக்கு முன் பத்து, கடை சாத்துமுன் பத்து. சீனி இல்லாத தேநீர்.

கோடு வாரத்துக்கு ஒரு விரல் ஏறும். சில வாரம் ஏறாது. எத்தனையோ பேரை "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று விரட்டியிருக்கிறேன். அந்தக் கொஞ்சத்தில் கண்ணில் தண்ணீர் வரும் என்பது இப்போதுதான் தெரிந்தது. வருஷக் கடைசி வந்தது. கை தலைக்கு மேலே போயிற்று. சேகரைக் கட்டிலில் படுக்கவைத்து அவன் காலைத் தூக்கினேன். நின்றது. சாத்தும் எண்ணத்தை விட்டேன். நாட்காட்டியைப் பழைய ஆணியில் மாட்டினேன்.

போன வாரம் அம்பலவாணர் சும்மா பார்க்க வந்தார். தேநீர் குடித்தார். சுவரருகே போய்க் கண்ணாடியைத் தூக்கி ஒவ்வொரு கோடாகப் படித்தார். தன் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே என் பேர். அரசாங்க முத்திரை குத்துகிறவர் மாதிரி அதைத் தட்டினார்: "அட்டையில நாளைக்குரியதையும் சேர்த்துப் போடும் ஐயா, எனக்கு அப்பிடித்தான் ஏறினது."

முப்பது வருஷத்துக்கு மேல் ஊருக்குச் சொன்னதை நானே செய்து பார்த்ததில், சொன்னதெல்லாம் சரிதான், சொன்ன விதம்தான் சகிக்கவில்லை.