உளுந்து வயலும் முத்தியால்பேட்டைப் புறாக்களும்

காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆதிலட்சுமி செங்கல் இடித்துக்கொண்டிருந்தாள். பழைய வீடு இடித்த இடத்திலிருந்து பொறுக்கி வந்த கல். பட்டாணி அளவுக்கு உடைத்து, சலித்து, தூளைத் தள்ளிவிட்டு, பொடிக்கல்லை மட்டும் எடுத்து வைத்தாள். அதோடு காயவைத்து நொறுக்கிய முட்டை ஓடு, சோலைநகர் கடற்கரையில் அள்ளிய கிளிஞ்சல், ஒரு பிடி கல்லுப்பு.

"இன்னாடி, காலங்காத்தால வீடு கட்டப்போறியா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கணவன் கண்ணையன் படியேறி வந்தான். தட்டாஞ்சாவடியில் வாட்ச்மேன் வேலை. இரவு ஷிப்ட் முடித்த கண்கள் சிவந்திருந்தன.

"ஆமா. உங்க புறாவுக்கு மாடி வீடு."

"கல்லத் தின்னா வெயிட்டு ஏறும்னு எத்தினி தடவ சொல்றது?"

"ஏறட்டும். ஊரான் வயல்ல போயி மேயறதுக்கு இது தேவல."

ஊரான் என்று அவள் சொன்னது தன் சொந்த அண்ணனை. ஊசுடு ஏரிப் பக்கம் கோவிந்தராசுவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். தை மாதம் நெல் அறுத்த ஈரத்தோடு உளுந்து விதைத்திருந்தார். மூன்று காலையில் விதை முழுக்கக் காணாமல் போனது. பொறுக்கித் தின்றவை இறக்கைக்கு அடியில் ரோஸ் சாயம் பூசிய புறாக்கள். அப்படிச் சாயம் பூசுகிற ஆள் யார் என்று கோவிந்தராசு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தங்கைக்குப் போன் செய்தார். "இதோ பாரு ஆதி. இன்னும் பத்து நாள்ல திரும்ப விதைக்கப்போறேன். அந்தப் புறா அப்பவும் வந்துக்கினு இருந்துச்சின்னா வெதையில மருந்து கலந்துடுவேன். உன் ஊட்டுக்காரன்கிட்ட சொல்லிடு."

அன்றைக்கு அவள் கணவனிடம் சொன்னது, "அண்ணன் ரொம்ப வருத்தப்படறாரு. புறா வயலுக்குப் போகாம பாத்துக்கலாம்" என்று மட்டும்.

ஆறு வருடமாக அவள் சேதி கொண்டுபோகிற விதம் அதுதான். மகள் கவிநிலாவின் கல்யாணப் பத்திரிகையில் புறாப் பந்தய கிளப் தலைவரின் பெயரை மேலே போட்டு, தாய்மாமன் பெயரை அதற்குக் கீழே போட்டுவிட்டான் கண்ணையன். கிளப் தலைவர் பெரிய மனிதர், அச்சில் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று நினைத்தானே தவிர, அவன் மனதில் வேறொன்றும் இல்லை. கோவிந்தராசு சீர்த் தட்டை மண்டப வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதன் பிறகு மச்சான்கள் இருவரும் பேசவில்லை. எதுவானாலும் ஆதிலட்சுமி வழியாகத்தான். "அந்த ஆள் செத்தாக்கூட வரமாட்டேன்" என்று அண்ணன் சொன்னால், வீட்டில் "அண்ணனுக்கு வேலை இருக்காம்" என்பாள். "அவன் ஊட்டுத் தண்ணிகூட வேணாம்" என்று கணவன் சொன்னால், அங்கே "அவருக்கு வயிறு சரியில்லண்ணா" என்பாள். இப்படிக் கடுப்பை வடிகட்டிக் கொடுத்ததால்தான் மகளின் பிரசவத்துக்கு அண்ணி வந்தாள், பொங்கலுக்குப் புதுநெல் வந்தது. குடும்பம் நடத்துவது என்றால் இதுதான் என்று அவள் எண்ணியிருந்தாள்.

நாற்பத்தொன்பது வயது. பிறந்தது அந்த ஏரிக்கரையில். மில் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டு முத்தியால்பேட்டைக்கு வந்தாள். மில் மூடிய பிறகு கண்ணையன் மூன்று வருடம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தான். யாரோடும் பேச்சில்லை. குளிப்பதற்குக்கூடச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது யாரோ கொடுத்த இரண்டு ஜோடிதான் நாற்பது புறாவாகப் பெருகியது. புறா வந்த பிறகுதான் அவன் காலையில் தானாக எழுந்தான். பக்கத்திலிருந்த மேட்டுப்பாளையத்தில் அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் போய் அவள்தான் வீட்டை ஓட்டினாள். புறா எச்சத்தைச் சுரண்டும்போது எவ்வளவு திட்டினாலும், அந்தக் கூண்டு காலியானால் இந்த மனிதன் என்ன ஆவான் என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

அதனால் பத்து நாள் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். புறா வயலுக்குப் போவது பசிக்காக மட்டுமில்லை. கல்லும் உப்பும் கூண்டில் இல்லாவிட்டால் மண்ணைத் தேடி இறங்கும். இறங்கிய இடத்தில் விதை கிடந்தால் மறுநாளும் போகும். கண்ணையன் எடை ஏறும் என்று இரண்டு வருடமாகக் கல் வைப்பதை நிறுத்தியிருந்தான். அவள் திரும்பவும் கூண்டில் கிண்ணம் கிண்ணமாக வைத்தாள். நாள் முழுக்கத் திறந்து கிடந்த கதவை மூடி, சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் பறக்கவிட்டாள். கம்பு டப்பாவை ஆட்டினால் இறங்க வேண்டும். இறங்கினால் உடனே தீனி. முன்னால் பறந்து மற்றதை இழுத்துக்கொண்டு போகிற சாம்பல் பெட்டை ஒன்றைத் தனிக்கூடையில் அடைத்தாள்.

"நீ ட்ரெய்னராயிட்ட. கிளப்புல உன் பேரையும் போடச் சொல்லட்டா?" என்றான் கண்ணையன்.

"போடுங்க. எந்த வரிசையில போடுவீங்கன்னு பாக்கறேன்."

அவன் சிரித்துவிட்டான். பத்திரிகை விஷயத்தில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பது நாள் ஒரு புறாகூடப் போகவில்லை. ஆனால் ஊசுடு வயலில் அதைக் கண்டு சொல்ல யாரும் இல்லை. காலி வயலுக்கு எந்தப் புறா வரும்?

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"நாளைக்கு விதைக்கறேன் ஆதி."

"இப்ப போறதில்லண்ணா. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவ. அந்தாள நான் நம்ப முடியாது. மருந்து கலந்துட்டேன். வெத மொளைக்கிற வரைக்கும், பத்து நாளு, கூண்டு தொறக்கக் கூடாது. தொறந்தா சாவும். சொல்லலன்னு அப்புறம் எங்கிட்ட வரக் கூடாது. மருந்துன்னு சொல்லு. புரியுதா?"

"சொல்லிடறேன்."

சாயங்காலம் வரை அதை எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். மருந்து என்று சொன்னால் கண்ணையன் அந்த நிமிஷமே வண்டியை எடுப்பான். வரப்பில் நின்று இரண்டு பேரும் கை நீட்டிக்கொள்வார்கள். ஊரே பார்க்கும்.

காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள். "அண்ணன் நாளைக்கி விதைக்கிறாராம். பத்து நாள் கூண்டத் தொறக்காம இருந்தா நல்லாருக்கும்னாரு."

"நல்லாருக்குமா? ஞாயித்துக்கிழம பந்தயம். சனிக்கிழம கடைசி பயிற்சி. அதான் ஒம்போது நாளா எதுவும் போகலியே."

"இந்த ஒரு பந்தயம் உட்டுடுங்களேன்."

"உங்க அண்ணனுக்காகவா?"

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளிக்கிழமையும் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஒன்பது நாள் போகாதது பதினோராம் நாளும் போகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளி இரவு தீனி போடாமல், கல் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு, சனிக்கிழமை விடியலில் பன்னிரண்டு புறாவைக் கூடையில் அடைத்தான் கண்ணையன். சாம்பல் பெட்டையும் அதில் ஒன்று. வேகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. திண்டிவனம் போய்த் திறந்துவிட்டு, போனில் சொன்னான்: "ஏழே காலுக்கு உட்டேன். நாப்பது நிமிஷத்துல பாரு."

எட்டு ஆனது. எட்டரை ஆனது. அவள் கம்பு டப்பாவோடு மாடியில் நின்றாள். வானத்தில் காக்கைதான் பறந்தது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாள். ஒன்பதே கால் வாக்கில் மூன்று வந்தன. பிறகு ஒன்று, பிறகு ஐந்து. மீதி மூன்று வரவேயில்லை. டப்பாவை ஆட்டினாள். ஒன்றும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பசியோடு போன புறா பசியில்லாமல் வந்திருந்தது.

சாம்பல் பெட்டையைப் பிடித்து இரைப்பையை விரலால் அமுக்கினாள். உருண்டை உருண்டையாகக் கெட்டியாக இருந்தது. அலகோரத்தில் உளுந்தின் கருந்தோல் ஒட்டியிருந்தது.

கூண்டுக்குள் ஓடினாள். அங்கே நான்கு பொந்தில் குஞ்சுகள். வந்து சேர்ந்த தாய்ப்புறாக்கள் அதற்குள் குஞ்சின் அலகைத் தம் வாய்க்குள் வாங்கிக் கக்கி ஊட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை இழுத்துப் பிரித்தாள். அடுத்த பொந்தில் இன்னொன்று ஊட்டியது. கையில் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தடுக்க முடியவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணா, எதுனா மாத்து மருந்து இருக்கா?"

அண்ணன் திருப்பிக் கேட்டார்: "நீ சொன்னியா இல்லியா அவன்கிட்ட?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வயலுக்கே போகாத குஞ்சுகள் முதலில் செத்தன. மத்தியானத்துக்குள் பெரியவை கழுத்து தொங்கி, சிறகு விரிந்து, தரையில் சுற்றிச் சுற்றி வந்தன. கண்ணையன் வந்ததிலிருந்து தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தான், வெல்லம் கரைத்துப் பார்த்தான். கால்நடை டாக்டர் போனிலேயே, என்ன மருந்து என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

நாலு மணிக்கு வயலுக்குப் போனதில் இரண்டு மிச்சம். கூண்டுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட சின்ன அறை, தீனி மூட்டை வைக்கிற இடம். கண்ணையன் அங்கே தரையில் உட்கார்ந்து, செத்ததையெல்லாம் வரிசையாகப் படுக்க வைத்துக்கொண்டிருந்தான். சாம்பல் பெட்டையின் இறக்கையை மடித்து உடம்போடு சேர்த்து வைத்தான். அது மறுபடியும் விரிந்தது. மறுபடியும் மடித்தான்.

"சொல்லாம கொள்ளாம வெச்சிட்டான் பாரு" என்றான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொறப்பனா? மனுஷனா அவன்? இப்ப ஸ்டேஷனுக்குப் போறேன். உங்க அண்ணன்னு பாக்கமாட்டேன்."

ஆதிலட்சுமி கதவருகே நின்றாள்.

"அவரு சொன்னாரு."

அவன் கை நின்றது.

"வியாழக்கிழமயே சொன்னாரு. மருந்து கலந்துட்டேன், தொறந்தா சாவும்னு சொல்லுன்னாரு. நான்தான் அத மட்டும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்குவீங்கன்னு."

தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். கூண்டில் மிச்சமிருந்த புறாக்கள் முனகின. கண்ணையன் அடுத்த புறாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏங்க. ரெண்டு அடியாவது அடிச்சிடுங்க."

அவன் மடியிலிருந்த புறாவின் இறக்கையை மடித்தான்.

"சாப்பாடு போட்டு எடுத்தாரட்டா? காலையிலேந்து ஒண்ணும் சாப்பிடல."

மில் மூடிய வருடத்தில் பார்த்த முகம் அது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, தலை இடிக்காமல் குனிந்து, அறையிலிருந்து வெளியே வந்தாள்.