திரும்பிப் போன தூதர்

பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டுக்கு உழைத்தவர்களைப் பற்றி ஆளுக்கொரு உரை நிகழ்த்த வேண்டும் என்று வகுப்பில் ரீச்சர் சொன்ன நாளில் எனக்குக் காய்ச்சல். நான் திரும்பிப் போனபோது பாட்டுக்காரர், பந்தாட்டக்காரர், விஞ்ஞானி எல்லாரையும் மற்றப் பிள்ளைகள் பங்குபோட்டு முடித்திருந்தார்கள். மிச்சமாகக் கிடந்தவர் போலந்தில் பிறந்த ஒரு புரட்சிக்காரர். ஜார் மன்னனின் சிறையில் கிடந்து, புரட்சி வென்றதும் சோவியத் அரசில் பெரிய அதிகாரியாகி, பிறகு வெளிநாடுகளில் தூதராக இருந்தவர். அவருடைய பெயரைச் சொல்லிப் பழகவே எனக்கு ஒரு கிழமை பிடித்தது. பன்னிரண்டு வயதில் இப்படி ஒரு மனிதர் தலையில் விழுந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

வீட்டில் மற்றவர்களுக்கும் அப்போது சோறு இறங்கவில்லை. ஊரில் சண்டை ஓய்ந்து, மூடிக்கிடந்த பாதை திறந்திருந்த காலம் அது. டோர்ட்மண்டில் இருந்த எங்கள் சனத்தில் பாதிப்பேர் லீவுக்கு ஊர் போய் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா இளவயதில் ஊரில் ஓர் ஆயுத இயக்கத்தில் இருந்து, தலைமையோடு முரண்பட்டு வெளியேறி, ஜெர்மனிக்கு வந்தவர். அந்தப் பழைய ஆட்களே இப்போது தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்கள். பழசையெல்லாம் மறந்தாயிற்று, ஒருமுறை வந்து கதைத்துவிட்டுப் போ என்றார்களாம். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. உடனே டிக்கெட் போட்டுவிட்டார். போகவேண்டாம் என்று அம்மா முதலில் கெஞ்சினார், பிறகு அழுதார், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். அந்தப் பேச்சில்லாத வீட்டுக்குள் நடமாடவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் ஒத்திகை நிற்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டிகளால் எங்கள் வீட்டுக்கு வந்த பழக்கம் அது. எந்தப் பேச்சானாலும் பாடமாக்கி, அம்மா அப்பா முன்னால் நின்று, கையை உயர்த்தி முழங்கிக் காட்டவேண்டும். ஜெர்மன் பேச்சென்றால் அம்மாவுக்காகத் தமிழிலும் ஒருமுறை. பெரியோர்களே, தாய்மாரே என்று தொடங்கி, புரட்சிக்காரரைப் போலந்திலிருந்து ரஷ்யாவுக்குக் கொண்டுவந்து, தூதராக்கி, முடிவுக்கு வந்தேன். ஒருநாள் அவருடைய அரசாங்கமே அவரைத் தலைநகருக்குத் திரும்பி வரச் சொன்னது. அவரும் போனார். துரோகி என்று சொல்லிச் சுட்டுவிட்டார்கள். வணக்கம் சொல்லிக் கையை இறக்கினேன்.

கதவோரம் நின்ற அம்மா பல நாளுக்குப் பிறகு வாய் திறந்தார்.

"கடைசித் துண்டை இன்னொருக்கா சொல்லு பிள்ளை."

சொன்னேன். அப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"போனா என்ன நடக்குமெண்டு அந்தாளுக்குத் தெரியாதோ?"

நான் படித்ததில் அது இல்லை. மாட்டிக்கொண்டேன்.

"கூப்பிட்டது அவரின்ரை ஆக்கள்தானே அப்பா," என்றேன்.

அம்மா மறுபடியும் சொல்லச் சொன்னார். எங்கேயோ பிழை விடுகிறேன், அதைத் திருத்தத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று நினைத்தேன். அப்பா பாதியிலேயே எழுந்து பல்கனிக்குப் போய், அந்தக் குளிரில் ஜாக்கெட்டும் இல்லாமல் நின்றார்.

வகுப்பில் ஒருவழியாகப் பேசி முடித்தேன். கையை அவ்வளவு உயர்த்தத் தேவையில்லை என்றார் ரீச்சர். மூன்று புள்ளி போட்டார். இங்கே ஒன்றுதான் உச்சம். மூன்று என்றால் ஏதோ பரவாயில்லை என்று அர்த்தம். அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் நண்டுக் கறி மணந்தது. அப்பா மேசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். வேலையில் லீவு தரவில்லையாம், பயணம் இல்லையாம். அம்மா என் தலையைத் தடவி, இருந்ததிலேயே பெரிய நண்டுக்காலை எனக்கு வைத்தார். விருந்து என் பேச்சுக்குத்தான் என்று நம்பி, மூன்று என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பயந்து பயந்து சாப்பிட்டேன். எத்தனை புள்ளி என்று அம்மா கேட்கவே இல்லை. மறந்துவிட்டார், நல்லகாலம் தப்பினேன் என்று நினைத்துக்கொண்டேன்.