அடுப்பு மருளாடி குவாக் மல்சூன்

யோங்டோ தீவின் மலைச்சரிவில் குவாக் மல்சூன் வீடு எங்கே என்று கேட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு சிரிப்பு வரும். "யாரு, அடுப்பு மருளாடியா?" என்பார்கள். பிறகுதான் கப்பல் பட்டறைக்கு மேலே, படிக்கட்டு இரண்டாகப் பிரிகிற இடத்தில் மூங்கில் கம்பு நட்ட வீட்டைக் கைகாட்டுவார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். மல்சூனுக்கோ அதைக் கேட்டாலே முதுகு நிமிரும்.

அண்ணன் படகோடு போய்த் திரும்பாத வருஷம் அவளுக்கு உடம்புக்கு வந்தது. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே இருந்தார்கள். சாமி இறங்கியிருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவளும் மணியும் விசிறியும் கையில் எடுத்துச் சாமியாடத் தொடங்கினாள். "மருளாடியோட என்னால குடும்பம் நடத்த முடியாது" என்று புருஷன் தூரத்து ஊரான இஞ்சோனுக்குப் போனான். போனவன் போனவன்தான். மகள் கும்ரானை மல்சூன் தனியாக வளர்த்து, நர்ஸ் படிப்புப் படிக்க வைத்தாள். கும்ரானுக்கு அடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. அம்மா என்ன செய்கிறாள் என்று அங்கே கேட்டால் துணி தைக்கிறாள் என்பாள். மல்சூனுக்கு அது தெரியும். "பொய்யில்லையே, சாமி உடுப்பெல்லாம் நான்தான தைக்கிறேன்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். பட்டறையில் இரும்பு ஒட்டும் தக்ஜூவின் அம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"மல்சூன், மூத்தவ வந்துட்டா. என் மருமவளைப் போட்டுப் பாடாப் படுத்துறா."

"எந்த மூத்தவ?"

"செத்துப்போனவதான். என் பையனோட மொத சம்சாரம்."

தக்ஜூவின் முதல் மனைவி மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் கிணற்றுப் படியில் மயங்கி விழுந்து இறந்துபோனவள். நெஞ்சுக்கோளாறு என்றார்கள். இரண்டாவதாக வந்தவள் ஒக்ஜின், வாய் திறந்து ஒன்று கேட்கத் தெரியாத பெண். குளிர் தொடங்கியதிலிருந்து விடியற்காலையில் அவளுக்குக் கண் திறக்கிறது, கை கால் அசைவதில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். அலமாரி ஓரம் வெள்ளை உடுப்பில் ஒருத்தி நிற்கிறாள். பகலில் ஆளில்லாத அறையில் காலடிச் சத்தம். தலை எந்நேரமும் கனக்கிறது.

"சந்தைக்குப் போனா தெளிஞ்சிடுறா. வீட்டுக்குள்ள கால வச்சா மறுபடியும் பிடிச்சுக்குது. இது என் வீடுன்னு மூத்தவ காட்டுறா, புரியுதா?" என்றாள் மாமியார். அவள் படுப்பது முற்றத்துக்கு அந்தப் பக்கம், தனி அறையில். தக்ஜூவுக்கு அந்த மாதம் முழுக்க ராத்திரி ஷிப்ட். அந்த அறையில் படுப்பது ஒக்ஜின் ஒருத்திதான்.

மூத்தவளை விரட்டும் சடங்குக்கு மல்சூன் நாள் குறித்தாள். அன்று காலையிலிருந்தே கடல்காற்று ஊசியாகக் குத்தியது. சாமிக்குக் குளிரக் கூடாது என்று மாமியார் அடுப்பில் புதுக் கரிக்கட்டி போட்டு அடுப்பின் காற்றுவழியை அகலத் திறந்துவிட்டிருந்தாள். அடுப்பின் சூடு தரைக்கடியில் ஓடி, எண்ணெய்த்தாள் ஒட்டிய தரை காலைச் சுட்டது. கதவு ஜன்னலெல்லாம் இறுக்கச் சாத்தியிருந்தன. படையலில் அரிசிப் பணியாரமும் பேரிக்காயும் உலர்ந்த மீனும் அடுக்கியிருந்தன. அதற்கு முன்னால் ஒக்ஜின் மண்டியிட்டிருந்தாள். பொழுது சாய்ந்து தக்ஜூ வேலைக்குக் கிளம்பிப் போனதும் மேளக்காரர் பியோன் அடிக்கத் தொடங்கினார். மல்சூன் மணியை ஆட்டி இறந்தவளைப் பெயர் சொல்லி அழைத்தாள்.

வெகுநேரம் பாடினாள். காலில் பலம் குறைந்தது. அப்போது அலமாரி ஓரத்தில் அவளைப் பார்த்தாள். வெள்ளை உடுப்பு, தொங்கிய கைகள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளுப்பு.

மல்சூன் ஆவியைக் கண்டு பயப்படுகிறவள் இல்லை. அவளை உறுத்தியது வேறு. சாமி வரும்போது அவளுக்கு உள்ளங்கால் சூடேறும், உடம்பு பஞ்சாக லேசாகும். இப்போது உடம்பு ஈயமாகக் கனத்தது. வாயில் தண்ணீர் ஊறிக் குமட்டியது, நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடித்தது. 'இது என் வழியா வந்ததில்ல' என்று மனசுக்குள் ஏதோ சொன்னது. திரும்பிப் பார்த்தாள். பியோன் கையிலிருந்து கோல் நழுவியிருந்தது, தலை மார்பில் சாய்ந்திருந்தது. ஒக்ஜின் சுவரில் சரிந்து கிடந்தாள்.

மருளாடி பாதியில் நிறுத்தினால் அவமானம், அதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். மல்சூன் மணியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கதவை எட்டி உதைத்தாள். ஒக்ஜினின் அக்குளில் கை கொடுத்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டாள். மறுபடி உள்ளே ஓடிப் பியோனைக் காலைப் பிடித்து இழுத்து வந்தாள். பிறகு அங்கேயே மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். காற்று முகத்தில் அறைந்தது. நாலு மூச்சு நன்றாக இழுத்ததும் தலை தெளியத் தொடங்கியது. நிமிர்ந்து திறந்த கதவு வழியாகப் பார்த்தாள். அலமாரி இருந்தது, ஆவி இல்லை.

"பாதியில நிறுத்திட்டியே பாவி! மூத்தவளுக்குக் கோவம் வராதா?" என்று சமையற்கட்டிலிருந்து ஓடி வந்த மாமியார் கத்தினாள்.

"கோவம் எனக்குத்தான் வருது. அடுப்புல இருக்கிற கரிய வெளிய எடுத்துப் போடு. யாராவது போய் என் மக கும்ரானக் கூட்டிட்டு வாங்க!"

கும்ரான் வெள்ளை உடுப்போடு ஓடி வந்தபோது முற்றத்தில் கூட்டம் கூடியிருந்தது. பட்டறையிலிருந்து தக்ஜூவும் வந்துவிட்டான். ஒக்ஜினுக்கு யாரோ கைவைத்தியமாக முள்ளங்கி ஊறல் தண்ணீரைப் புகட்டிக்கொண்டிருந்தார்கள். கும்ரான் அதைத் தள்ளிவைத்தாள். பியோனின் கண்ணை விரித்துப் பார்த்தாள், ஒக்ஜினை மல்லாத்தி உடுப்பின் கழுத்தைத் தளர்த்தினாள், நாடி பிடித்தாள். "ரெண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், வண்டி பாருங்க" என்றாள்.

"இந்த நர்ஸ் பொண்ணு யாரு?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

கும்ரான் தலை தூக்கினாள். சாமி உடுப்பில் வாந்திக் கறையோடு நின்ற மல்சூனைக் காட்டி, "இவங்க பொண்ணு. மருளாடி குவாக் மல்சூனோட பொண்ணு" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

மல்சூன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

இரண்டு பேரும் தேறி வீடு திரும்பிய பிறகு ஒரு பகலில் அலமாரியை நகர்த்தித் தரைத்தாளைக் கிழித்தார்கள். மண்பூச்சில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். காய்ந்த சுள்ளியை அடுப்பில் எரிக்கச் சொல்லிவிட்டு, மல்சூன் விரிசலுக்கு மேலே ஊதுபத்தியைப் பிடித்தாள். நேராக ஏறிக்கொண்டிருந்த புகை யாரோ கீழேயிருந்து ஊதினதுபோல் விலகிச் சாய்ந்தது.

"கரிப்புகை ஆள அடிச்சிடும்னு எல்லாருக்கும் தெரியும். ராத்திரி படுப்பாங்க, காலையில எந்திரிக்க மாட்டாங்க. ஆனா இது கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கு" என்றாள் கும்ரான். "காத்து உக்கார வேண்டிய எடத்துல இது போயி ரத்தத்துல உக்காந்துக்கும். மூளைக்குக் காத்துப் பத்தாது. பத்தாம கெடக்கிற மூளை இல்லாததக் காட்டும், கேக்காததக் கேக்க வைக்கும்."

"நெஞ்சு மேல உக்காந்தது?" என்று ஒக்ஜின் கேட்டாள்.

"அது தூக்கத்தோட கோளாறு. கனவு காணறப்ப உடம்பு கை காலக் கட்டிப் போட்டுடும். இல்லேன்னா கனவுல ஓடறவங்க எந்திரிச்சு ஓடிடுவாங்களே. சில சமயம் கட்டு அவுழறதுக்கு முன்னாடி கண்ணு முழிச்சுக்கும். தூக்கம் கெட்டவங்களுக்கு அடிக்கடி வரும். நைட் ட்யூட்டி பாத்த வருஷம் எனக்கே வந்துச்சு. என் மேல ஒரு ஆம்பள உக்காந்திருந்தான், நல்ல கனம்."

"என்கிட்ட நீ சொல்லவேயில்லையே!" என்றாள் மல்சூன்.

"சொல்லியிருந்தா நீ மேளத்தத் தூக்கிட்டு வந்திருப்ப."

கூட்டம் சிரித்தது. ஒக்ஜின் சிரிக்கவில்லை. "ஆனா அது அவங்கதான் அக்கா. போட்டோவுல இருக்கிற அதே முகம்."

மல்சூனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "நானும் பாத்தேன். எனக்கு முகமே தெரியலையே! நான் அந்தப் போட்டோவப் பாத்ததில்ல."

கும்ரான் அம்மாவை ஒரு நிமிஷம் வியந்து பார்த்தாள். பிறகு ஒக்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூச்சு முட்டறப்ப, பக்கத்துல யாரோ இருக்காங்கன்னு மனசு நெனச்சுக்கும். யாருன்னு தேடும். அதுகிட்ட இருக்கிற முகத்தத்தான் எடுத்து மாட்டும். உன் மனசுல யாரு இருந்தாங்க?"

ஒக்ஜின் உடைந்து அழுதாள். "அவங்க கிண்ணத்துல சாப்பிடுறேன், அவங்க பொட்டியில துணி வைக்கிறேன். தெனமும் மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

தக்ஜூ அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவளும் தலவலி தலவலின்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா" என்றான். "நான்தான் சோம்பேறித்தனம்னு ஏசினேன்."

"அதுவும் இதாலதான்னு இப்ப யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது அண்ணே" என்றாள் கும்ரான்.

உறுதி இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் புரிந்தது. மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விரிசலை அடைத்த பிறகு மல்சூன் விட்ட இடத்திலிருந்து சடங்கைத் தொடங்கினாள், இந்த முறை திறந்த முற்றத்தில். "தொரத்துறதுக்கு இல்ல. அந்தப் பொண்ணு யாரையும் எதுவும் செய்யல. வழியனுப்பி வைக்கத்தான்" என்றாள். தக்ஜூ நெற்றி தரையில் பட விழுந்து வணங்கினான். ஒக்ஜின் தன் கையால் மூத்தவளுக்குச் சோறு பரிமாறினாள். அன்றைக்கு மல்சூனுக்கு உள்ளங்கால் சூடேறியது.

ஆனாலும் அதற்குப் பிறகு சில வாரம் அவள் மணியைத் தொடவில்லை. அந்த அறையில் கண்டது புகை என்றால், இத்தனை வருஷம் மற்ற அறைகளில் கண்டது எது? மகளிடமே கேட்டாள்.

"தெரியலம்மா" என்றாள் கும்ரான். "ஆனா அன்னைக்கு வந்தது சாமி இல்லேன்னு உன் உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு. வேற யாரா இருந்தாலும் ஆவியப் பாத்தேன்னு பாடிக்கிட்டே இருந்திருப்பாங்க. மூணு பேரும் போயிருப்பீங்க."

அதை மல்சூன் ரொம்ப நாள் மனசுக்குள் வைத்துப் புரட்டினாள். கடைசியில் தனக்கென்று ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டாள். யார் கூப்பிட்டாலும் முதலில் சமையற்கட்டுக்குப் போவாள். பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகி, அடுப்புத் துளைக்குள் தலையை விட்டுப் பார்ப்பாள். தரை முழுக்க ஊதுபத்தியோடு தவழ்வாள். எப்போது தூங்குகிறாய், மல்லாந்து படுக்கிறாயா, வீட்டில் யார் இறந்தது, அவரோடு கடைசியாக என்ன பேசினாய் என்று கேட்பாள். அப்புறம்தான் மேளம். பல வீட்டில் மேளத்துக்கு வேலையே இருக்காது. மற்ற மருளாடிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். முகத்தில் கரியோடு சாமி கும்பிடுகிறாளே என்று கேலி பேசினார்கள். "கரி கழுவினாப் போயிடும், உசுரு போனா வருமா?" என்று மல்சூன் திருப்பிக் கொடுத்தாள். அவளுடைய சரிவில் ஜன்னலில் ஒரு கை அளவு திறந்து வைத்துப் படுக்காத வீடு இல்லை என்றாகிவிட்டது. சுகாதார நிலையம் ஒட்டிய எச்சரிக்கைத் தாளைத் திரும்பிப் பார்க்காதவர்கள் மல்சூன் போட்ட சத்தத்துக்குப் பயந்து செய்தார்கள். அவர்கள் சரிவில் அதற்குப் பிறகு கரிப்புகைக்கு யாரும் சாகவில்லை என்று அவள் சொல்லும்போது குரல் ஓர் ஏற்றம் ஏறும்.

எல்லாமே அடுப்போடு முடிந்ததில்லை. வலை பின்னும் சூபுன் என்ற விதவை ஒரு வசந்தத்தில் கூப்பிட்டனுப்பினாள். புருஷன் போய் ஒரு வருஷமாகவில்லை. விடிகிற நேரத்தில் முற்றத்தில் அவர் இருமுகிறார், செருப்பைத் தேய்த்து நடக்கிறார். அம்மாவும் மகளுமாகப் போனார்கள். அடுப்பு சுத்தம், தரையில் கீறல் இல்லை, ஜன்னல் திறந்துதான் இருந்தது. சூபுனின் நாடியும் நன்றாக ஓடியது.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சா?" என்றாள் அவள்.

"இல்ல சித்தி" என்றாள் கும்ரான். "கூடவே வாழ்ந்தவங்களப் பறிகொடுத்தவங்க எத்தனையோ பேருக்கு இப்படிக் கேக்கும். வெளிய சொல்ல வெக்கப்படுவாங்க, அவ்வளவுதான். இத்தன வருஷம் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்து பழகின காது. இன்னும் காத்திருக்கு."

சூபுன் மல்சூனைப் பார்த்தாள். "அப்ப அவர அனுப்பிடணுமா?"

"உன்னத் தொந்தரவு பண்றாரா?"

"இருமுறாரு."

"உசுரோட இருந்தப்ப?"

"அப்பவும் இருமிக்கிட்டேதான் இருந்தாரு."

"அப்புறம் என்ன, இருமிட்டுப் போறாரு" என்றாள் மல்சூன்.

சூபுன் முதலில் திகைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். வந்தவர்களுக்குப் பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். புருஷனுடைய கோபங்களை, குடித்துவிட்டு அவர் பாடுகிற பாட்டை எல்லாம் சொல்லத் தொடங்கியவள் வெயில் ஏறும்வரை நிறுத்தவில்லை.

படியிறங்கும்போது கும்ரான் அம்மாவின் மேளத்தை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "இன்னைக்கு இத ஒரு தடவ கூட அடிக்கலையேம்மா" என்றாள்.

"அடிக்காமலே வேல முடியுது பாரு" என்றாள் மல்சூன், எதிரே ஏறி வந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட, ஒவ்வொருத்திக்கும் தலையசைத்தபடி.