விசில்காரர் கத்திய வீடியோ

நகராட்சி நீச்சல் குளத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விசில் என்பார்கள். கொஞ்சம் மரியாதை சேர்க்க நினைத்தால் விசில்காரர். குளத்தின் ஆழமான பக்கத்தில், உயரமான இரும்பு நாற்காலியில், தலைமுடி நரைக்கும் வரை உட்கார்ந்திருந்த மனிதர். யாரோடு பேசினாலும் பார்வை தண்ணீரிலேயே இருக்கும். "இவரு என் முகத்தைப் பார்க்கணும்னா நான் போய்க் குளத்துலதான் குதிக்கணும்" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் வெள்ளைத் துணியோடு மாரடித்தும் வாய்க் குறும்பு போகாதவள்.

அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. நீந்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்குத் தண்ணீரிலேயே மாரடைப்பு. விசில்காரர் குதித்து இழுத்து வந்து, ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்து வைத்தார். யாரோ எடுத்த வீடியோவை மேலாளர் குளத்தின் முகநூல் பக்கத்தில் போட்டார். சிலர் இதயம் போட்டார்கள். நாலைந்து பேர் 'வாழ்த்துகள்' என்று எழுதினார்கள். அதில் ஒருத்தி அவருடைய கொழுந்தியாள். கடைசியாக ஒருவர், ஞாயிற்றுக்கிழமை குளம் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டிருந்தார். பேச்சு அங்கே நின்றது. விசில்காரருக்கு அதில் வருத்தமில்லை. ஆள் பிழைத்துவிட்டார், அது போதும்.

கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம். குளத்தில் தலை மேல் தலை. ஐந்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, மிதவை வளையத்தோடு ஆழமான பக்கத்துக்கு வந்துவிட்டது. அதன் அம்மா கரையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விசில்காரர் ஊதினார். அவள் திரும்பவில்லை. இன்னும் பலமாக ஊதினார். அதற்குள் குழந்தை வளையத்திலிருந்து நழுவி, சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

குதித்துத் தூக்கிவிட்டார். குழந்தை இருமியது, தண்ணீரைக் கக்கியது, வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவருக்குப் பயமே வந்தது. பயம் கோபமாக மாறி வாயில் வந்து நின்றது.

"கண்ணை எங்கம்மா வச்சிருந்தீங்க? பிள்ளையைப் பெத்தா மட்டும் போதுமா? அந்தப் போனைத் தூக்கித் தண்ணியில போடுங்க!"

எதிர்க் கரையில் ஒருவன் படம் பிடித்தான். அவன் போனை எடுக்கும்போது எல்லாம் முடிந்து, கத்தல் மட்டும்தான் பாக்கி இருந்தது. ஆகவே வீடியோவில் இருந்தது இவ்வளவுதான்: சொட்டச் சொட்ட நனைந்த பெரிய உருவம் ஒன்று விரலை நீட்டிக் கத்துகிறது, ஒரு பெண் அழுகிறாள், குழந்தையும் அழுகிறது. மேலே ஒரு வரி: 'ஒரு தாயிடம் பேசும் லட்சணத்தைப் பாருங்கள்.'

சாயங்காலம் மகள் போனை நீட்டினாள். அவள் கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறவள். அவர் படித்தார். குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனாம். குழந்தையை அடித்தானாம், பார்த்த ஆள் இருக்கிறாராம். இன்னொரு கூட்டம் அவர் பக்கம் நின்று, இப்படிப்பட்ட அம்மாக்களை என்ன செய்யலாம் என்று எழுதியது. அதைப் படிக்க அவருக்கு இன்னும் கூசியது. மனைவிக்கு ரத்தம் கொதித்தது.

"குடு இங்க, நான் நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு வார்த்தை போடுறேன்."

"வேணாம்மா. நீ எழுதினா அது இன்னும் நாலு பேர் கண்ணுல படும்" என்று மகள் தடுத்தாள்.

அவர் மகளைக் கேட்டார்: "நான் அந்தப் பெரியவரைக் காப்பாத்தினதும் அங்கதானேம்மா இருக்கு? அதை யாரும் பார்க்கலையா?"

"பார்த்தாங்கப்பா. நல்லதுன்னு நினைச்சுட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் தலையாட்டிட்டா அதுக்கு மேல என்ன பேச இருக்கு? இதுல ஒருத்தன் ஆமாங்கிறான், ஒருத்தன் இல்லைங்கிறான், மூணாவது ஆளு வந்து ரெண்டு பேரையும் திட்டுறான். சண்டை எங்க சூடா இருக்கோ, அங்கதான் போனும் ஆளைக் கூட்டிட்டு வருது."

குழந்தையின் அம்மா நல்லவள். மறுநாளே எழுதினாள்: 'அவர்தான் என் மகளைக் காப்பாற்றினார். தவறு என்னுடையது.' எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது. மிரட்டி எழுத வைத்திருக்கிறார்கள் என்றது ஒரு கூட்டம். மற்றது அவள் மேலேயே பாய்ந்தது. இவளெல்லாம் ஒரு தாயா?

அவள் குளத்துக்குத் தனியாக வந்து அவரைப் பார்த்தாள்.

"நல்லது நினைச்சுத்தான் எழுதினேன் அண்ணே."

"தெரியும்மா. பாப்பா எப்படி இருக்கு?"

"தண்ணின்னாலே பயப்படுது. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வேற, உங்கம்மா உன்னை விட்டுட்டுப் போன்ல என்ன பார்த்தாங்கன்னு கேட்குதுங்க. நான் எழுதினதை அழிச்சுட்டேன் அண்ணே. மன்னிச்சுக்கோங்க."

அந்த ஒரே சாட்சியும் போயிற்று. அவருக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை என்று பின்னால் நினைத்தார்.

மேலாளர் தன் பங்குக்கு நடந்ததையெல்லாம் விளக்கி ஒரு அறிவிப்புப் போட்டார். அதைச் சீந்த ஆளில்லை. பிறகு அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும் அண்ணே. மேலேருந்து போன் மேல போன். கொஞ்ச நாளைக்கு லாக்கர் சாவி கொடுக்கிற இடத்துல இருங்க. சூடு ஆறட்டும்."

சூடு சீக்கிரமே ஆறியது. ஊர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. நாற்காலி மட்டும் திரும்பி வரவில்லை. அந்த மேலாளர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் விசில்காரரை முதன்முதலில் பார்த்ததே அந்த வீடியோவில்தான். மறுபடி ஆழப் பக்கம் போட முடியுமா என்று கேட்டதற்கு, "எதுக்குங்க வம்பு?" என்றார். நாற்காலியில் இப்போது இருப்பவர் யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை. பெற்றோர் எங்கே பார்க்கிறார்கள் என்பதைக் கண்டுகொள்வதில்லை. அவரைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை.

சாவி ஜன்னலிலிருந்து தண்ணீர் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். யாராவது வீறிட்டால் இவர் எழுந்து நிற்பார். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டதும் உட்காருவார். சாவி வாங்க வருபவர்கள் அவரை ஒரு கணம் கூர்ந்து பார்ப்பார்கள். நேரில் ஒருவர்கூட, அன்று என்ன நடந்தது என்று கேட்டதில்லை.

ஒரு நாள் வேலையில்லாத நேரத்தில் போனைப் புரட்டினார். யாரோ ஓர் ஆசிரியை தன் வீட்டு முன்னறையைப் பிள்ளைகள் படிக்கத் திறந்துவிட்ட செய்தி வந்தது. விரல் தள்ளிவிட்டது. அடுத்தது, ஒரு பஸ் ஓட்டுநர் வயதான அம்மாளிடம் எரிந்து விழும் வீடியோ. விரல் நின்றது. திரும்பவும் போட்டுப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் படித்தார்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்: "இன்னிக்கு ஒரு பஸ்காரன் வீடியோ பார்த்தேன். என்னாலேயே நிறுத்த முடியலடி."

"அந்த பஸ்காரன்தானே? நாங்களும் பார்த்தோம். இன்னிக்கு சலவைப் பிரிவுல பூரா அதே பேச்சுதான்."

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சோ."

"என்னவா இருந்தா என்ன? வயசானவங்ககிட்ட இப்படியா பேசுறது? அவனையெல்லாம் வேலையை விட்டே தூக்கணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் உண்மையான கோபத்தில் இருந்தாள், தான் என்ன சொல்கிறோம் என்பது அவள் காதிலேயே விழவில்லை. சொல்லிக் காட்டலாமா என்று யோசித்தார். சொன்னால் அழுவாள். நாளைக்கு இன்னொரு வீடியோ வரும்.

"குழம்பு கொஞ்சம் ஊத்து" என்று தட்டை நகர்த்தினார்.