பம்பைக் கழற்ற விடவில்லை

தைப்பொங்கல் முடிந்து சில நாளில் எங்கள் வயல் வட்டையில் நெல் வெட்டு நடந்தது. நெல்லை மூட்டை கட்டி வரம்போரம் அடுக்கியிருந்தோம். வாவிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் ஏற்றிவிட வேண்டும். மூட்டை ஏற்றும் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் பக்கத்தில்தான் நின்றது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை.

அது என்னுடைய இயந்திரம். மாடுகளை விற்று நான் வாங்கியது. ஓட்டுவது மருமகன், மகளைக் கட்டி எங்கள் வீட்டோடு இருப்பவர். திறப்பைச் செருகித் திருப்பினார். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, புகை மட்டும் வரவில்லை. தாங்கியில் டீசல் இருந்தது.

"பம்ப் செத்துப்போச்சி மாமி," என்று ஸ்பானரை எடுத்தார்.

டீசலை எஞ்சினுக்குள் பீச்சுகிற பம்ப் அது. கழற்றினால் டவுனுக்கு அனுப்ப வேண்டும், திரும்பி வர நாளாகும். நெல் அதுவரை நனையாமல் கிடக்காது.

நான் விடவில்லை. தினமும் அவர் திறப்பைப் போட்டதும், எஞ்சின் சுற்றுமுன், பம்புக்குள் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். அன்று அது கேட்கவில்லை. அதைச் சொன்னேன்.

"மாமி எஞ்சினுக்கு நாடி பாக்கிறா," என்றார், மூட்டை தூக்க வந்தவர்களைப் பார்த்து. அவர்கள் சிரித்தார்கள். செங்கலடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னேன். அவர் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள் என்றேன்.

மெக்கானிக் காத்தான்குடிக்காரர். வந்ததும் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பம்பின் தலையில் இருந்த குமிழின் வயரைக் கழற்றினார். பற்றரியிலிருந்து வேறொரு வயரை இழுத்து, அந்தக் குமிழில் அழுத்தித் தேய்த்தார். டிக்.

"பம்ப் நல்லாத்தான் இரிக்கி அம்மா. டீசலத் துறக்கிற கரண்டுதான் போகல்ல."

கழற்றிய வயரின் வாயில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தார். சந்தனம். பொங்கலன்று மருமகன் இயந்திரத்தைக் கழுவி, கண்ணில் பட்ட ஆணிக்கெல்லாம் பொட்டு வைத்தவர். கழுவுவதற்காக வயரைக் கழற்றிய இடத்திலும் வைத்து, அப்படியே திரும்ப மாட்டியிருக்கிறார். ஈரம் காயும்வரை ஓடியிருக்கிறது.

"சாமிக்கு வெச்ச பொட்டு கரண்ட மறிச்சிட்டு மச்சான்," என்றார் மெக்கானிக். மருமகன் துணியை எடுத்துத் துடைத்து, வயரை மாட்டித் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது.

முதல் பெட்டி நெல் நனையாமல் வீட்டுக்குப் போனது. இரண்டாவது பெட்டி பாதி வழியில் மழையில் அகப்பட்டது. மேலே படங்கு விரித்து மூடியும் ஓரத்து மூட்டைகள் நனைந்துவிட்டன. அந்த நெல்லை அவித்து, றோட்டில் காயப்போட்டு, எங்கள் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டேன். மருமகன் விற்கலாம் என்றார். நனைந்த நெல்லை நான் விற்பதில்லை.