லாவுக்கும் லாவுக்கும் நடுவில்

நுபார் பியானோவில் லா ஸ்வரத்தின் கட்டைகள் இரண்டை, கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும், சேர்த்து அடித்தார். கீழ் லா நேராக நின்றது. மேல் லா அதோடு ஒட்டாமல் அலைந்தது: ஆ... ஆ... ஆ... யாரோ தூரத்தில் வாயைத் திறந்து மூடுவதுபோல.

"கேட்டீங்களா முஅல்லிம்? கூப்பிடறான்," என்றாள் நுஹாத். பியானோவின் மேல் கையை வைத்திருந்தாள். அவள் மகன் ரம்ஸி வாசித்த பியானோ. போன கோடையில் கடலில் குளிக்கப் போனவன், திரும்பவில்லை.

"யாரும் கூப்பிடலம்மா," என்றாள் மகள் ரந்தா. "இவர் போன தடவை சுருதி சேர்த்துட்டுப் போனதுலேர்ந்துதான் இந்தக் கூத்து. காதுக்குப் பதிலா பொட்டி வச்சிருக்காரே, அவரையே கேளு."

நுபார் முன்பு பெய்ரூட்டின் புர்ஜ் ஹம்மூதில் ரேடியோ பழுதுபார்த்தவர்; அப்போதிருந்தே எல்லோருக்கும் முஅல்லிம், தொழில் தெரிந்த ஆசான். தன் காதைவிடச் சுருதி அளக்கும் கருவியை நம்புவார். மேல் ஸ்தாயியைக் கணக்குக்குச் சரியாக வைத்தால் காதுக்கு இறங்கித்தான் கேட்கும். கொஞ்சம் இழுத்துக் கட்ட வேண்டும். எவ்வளவு என்பதைச் சில தந்திகளைக் கேட்டுவிட்டுக் கருவி சொல்லும். அப்போது தெருவில் ஜெனரேட்டர் ஓடக்கூடாது. அதன் உறுமலையும் தந்தியோடு சேர்த்துக்கொண்டு தப்பாகச் சொல்லிவிடும். பெய்ரூட்டில் பியானோவைத் தொடுகிற எவனும் அரசாங்கக் கரண்ட் வரட்டும் என்று காத்திருப்பான். போன தடவை அவர் காத்திருக்கவில்லை. இழுப்பு மிஞ்சிவிட்டது.

"என் தப்புதான், மதாம். சரி பண்ணிடறேன்."

"தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். தொடாதீங்க."

"நாள் பூரா அந்த ரெண்டு கட்டையையே தட்டிக்கிட்டிருக்கே. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்," என்றாள் ரந்தா. "நீங்க பண்ணுங்க முஅல்லிம்." அம்மாவை இழுக்காத குறையாகச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

கரண்ட் வந்தது. தெரு அடங்கியது. நுபார் மறுபடி அளந்தார். மேல் லாவை இறக்கினார், கருவியின் திரையில் ஓடிக்கொண்டிருந்த வெளிச்சம் நிற்கும் வரை. இரண்டையும் அடித்தார். ஒரே ஒலி. அலை இல்லை.

நுஹாத் சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். பியானோவைப் பார்க்கவில்லை. இருண்ட நடையைப் பார்த்தாள்.

"அங்க எதுக்குடா போய் நிக்கறே?" என்றாள்.

ரந்தா காபித் தட்டைக் கீழே வைத்தாள். நுபார் திரும்பிப் பார்க்காமல் கருவியைப் பையில் வைத்தார்.

மறுநாள் காலை ரந்தா போன் செய்தாள்.

"அம்மா நல்லாத் தூங்கினாங்க. நான்தான் தூங்கல. அந்தச் சத்தம் இப்ப பியானோவுல இல்ல முஅல்லிம். நடையில கேக்குது."

"அம்மா தட்டறாங்களோ என்னவோ."

"மூடியைப் பூட்டிட்டேன். சாவி எங்கிட்ட இருக்கு. பியானோவுக்குள்ள இருந்தவரைக்கும் மூடியையாவது மூட முடிஞ்சுது. பழையபடி வச்சுக் குடுத்துடுங்க."

நுபார் போனார். கருவியில் பழைய கணக்கு அழியாமல் இருந்தது. மேல் லாவை அதற்கே ஏற்றினார், அலை திரும்பி வந்தது. நுஹாத் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரந்தா நடையில் நின்று கேட்டாள்; அங்கே சத்தம் இல்லை. உள்ளே வந்து காபி ஊற்றினாள். நுபார் காபி குடித்தார். பிறகு ஜூனியேவில் ஒரு பள்ளிக்கூடத்து வேலைக்குப் போனார்.