பக்கத்து வீட்டு நெஞ்சு

ஆர்லிஸ் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்தில் குனிந்து கிடந்தவர். கம்பெனியை நம்பவில்லை, கம்பெனி டாக்டரையும் நம்பவில்லை. நம்பிய ஒரே ஆள் மனைவி ட்ரீனா. அவளும் இந்த வயதில் கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் படிக்கச் சேர்ந்தாள். அங்கே பிடித்தது சனி.

அவர்கள் இருந்த பள்ளத்தாக்கில், மனைவி நர்ஸ் ஆகிவிட்டால் புருஷனுக்குக் கல்தா என்று ஒரு பேச்சு உண்டு. பெட்ரோல் பங்கில் காபி குடிக்கப் போனால், அங்கேயே பொழுதைக் கழிக்கும் ஹோபர்ட் சும்மா விடமாட்டான்.

"ஆர்லிஸ், துணி துவைக்கக் கத்துக்கிட்டியா? சட்டுபுட்டுனு கத்துக்க. என் மச்சினன் பொண்டாட்டி பாஸ் பண்ணின வாரமே பொட்டியக் கட்டிட்டா."

"ட்ரீனா அப்படிப்பட்டவ இல்ல."

"என் மச்சினனும் இதேதான் சொன்னான்."

சேர்ந்த புதிதில் ட்ரீனா ஸ்டெதாஸ்கோப்போடு அவர் முதுகில்தான் பழகினாள். மூச்சை இழு, விடு என்று ஆளை வாட்டி எடுத்தாள். ஒரு வாரம்தான். அப்புறம் கிட்டவே வரவில்லை. கேட்டால், "பாடம் மாறிடுச்சு" என்பாள், முகத்தைப் பார்க்காமல்.

பாடம் மாறவில்லை, ஆள்தான் மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வெண்டெலிடம் போக ஆரம்பித்தாள். வெண்டெல் பள்ளி பஸ் ஓட்டுகிறவன், மனைவியை இழந்தவன், சுரங்கத்தில் காலே வைக்காதவன். போதாததற்குத் தலை நிறைய முடி. போகும்போது அவள் ஒரு தட்டு சோள ரொட்டியையும் மூடி எடுத்துப் போனது ஆர்லிஸின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல் பின்னாலேயே கிளம்பினார். அந்தச் சின்ன மேட்டை ஏறுவதற்குள் நின்று நின்று இருமினார். கோபத்தில் மூச்சு வாங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கதவைத் தட்டாமல் உள்ளே போனால், வெண்டெல் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். ட்ரீனா கண்ணை மூடி, அவன் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என் முதுகு உனக்கு ஆகாமப் போச்சோ?"

வெண்டெல் சட்டையைத் தேடினான். "ஆர்லிஸ், நீ நெனக்கிற மாதிரி..."

"நீ வாய மூடு. அவ சொல்லட்டும்."

"நல்ல நெஞ்சு எப்படிக் கேக்கும்னு பழகிட்டு வரச் சொன்னாங்க" என்றாள் ட்ரீனா. "நம்ம வீட்ல அது இல்ல ஆர்லிஸ். தேடித்தேடிப் பாத்துட்டேன்."

"எனக்கு வெறும் சளி."

அவள் ஸ்டெதாஸ்கோப்பின் குழாயை அவர் காதில் மாட்டி, வட்டை வெண்டெலின் முதுகில் வைத்தாள். மூச்சு போனது, வந்தது. வேறு சத்தமே இல்லை. பிறகு அதை ஆர்லிஸின் சட்டைக்குள் விட்டு விலாவோரம் அழுத்தி, "இழு" என்றாள். காய்ந்த சருகை யாரோ மிதிப்பதுபோல் உள்ளே நொறுநொறுத்தது, இருபது வருஷத்துக் கரித்தூசி.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"முத வாரத்துலேயே."

"ஏன் சொல்லல?"

"படிக்கிறவதானே, தப்பாக் கேட்டிருப்பேன்னு நெனச்சேன். தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் வாராவாரம் இங்க வந்தேன்."

சொல்லிவிட்டு அழுதாள். வெண்டெல் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றான். ஆர்லிஸ் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இவள் இவனோடு ஓடிப்போகிறவளாகவே இருந்திருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து தவித்தது.